ஓர் ஆள் குறைவு

மான்டானா மலையடிவாரத்துப் பூர்வகுடி மக்களின் கவுன்சில் அது. உறுப்பினர் ஒன்பது பேரில் ஐந்து பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம். நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு வருவதையே நிறுத்தியிருந்தார்கள். லொரெய்ன், இறந்துபோன மகனை அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைக்க அனுமதி கேட்டு வந்திருந்தாள். அப்பாவின் கல்லறை இருக்கும் மேடு இப்போது கவுன்சில் நிலம்.

"வந்திருக்கிற எங்க நாலு பேருக்கும் சம்மதந்தான். ஓர் ஆள் குறையுதே" என்றார் தலைவர்.

அந்த ஓர் ஆள், அவளுடைய அக்கா மகன் வெண்டல், வாசலில் தன் டிரக்கிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் பனியில் நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள். கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டான்.

"நான் வந்தா அஞ்சு பேர் ஆயிடும் சித்தி. உங்க அனுமதி முடிஞ்சதும் அடுத்த தீர்மானமே என்னை நீக்குறதுதான். உள்ள இருக்குற நாலு பேரும் பேசி வச்சிருக்காங்க."

"உன் தம்பியைப் புதைக்கணும்டா."

"தெரியும் சித்தி."

அவனுக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் அவள். அவனும் போய்விட்டால் தங்கள் ஊர்ப்பக்கத்துக்காகக் கவுன்சிலில் பேச ஆளில்லை. வா என்று சொல்ல வாய் வரவில்லை. வராதே என்று சொல்லவும் முடியவில்லை.

மன்றத்தில் விளக்குகள் அணைந்தன. வெளியே வந்த நாலு பேரும், வெண்டலைப் பார்க்காமல், ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்கள். வெண்டல் ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.