மாடி வீட்டு வாசம்

மூக்கையாவுக்கு முதலில் அநியாயம் செய்தவர் வீட்டுக்காரர் மாரப்பன்தான். இதை மூக்கையா யாரிடம் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் சொல்வார்.

தொண்ணூற்றாறாம் வருடம். தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, வேலம்பாளையத்தில் மாரப்பனின் லைன் வீட்டில் குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை. வாசல் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கருவாட்டை வாயில் வைத்தே அறியாத மாரப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக் குழம்பைச் சாக்கடையில் கொட்டினார். சட்டியையும் அங்கேயே போட்டு உடைத்தார்.

"கோழி ஆக்குங்க, ஆடு ஆக்குங்க. இந்த நாத்தம் மட்டும் என்ற காம்பவுண்டுக்குள்ள ஆகாதுங்க."

ஊரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த மண்சட்டி அது. அன்றோடு மூக்கையா வீட்டு அடுப்பில் கருவாடு நின்றுபோனது. கோபத்தை மட்டும் பதினோரு வருடமாக வாராவாரம் சுட வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதே காம்பவுண்டின் மாடியில் பார்க் என்றொரு கொரியாக்காரர் இருக்கிறார். எம்பிராய்டரி மெஷின் மாட்டிக்கொடுக்க வந்தவர்.

வந்த புதிதில் சாப்பாடுதான் அவருக்குப் பெரும்பாடு. மாரப்பனே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருப்பூர் முழுக்கச் சுற்றிக் காட்டினார். மெஸ், பேக்கரி, பிரியாணிக் கடை, பெரிய மளிகைக் கடை. அவர் தேடியது எங்கேயும் இல்லை. கொடுத்தது எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பிஸ்கட்டும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளினார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது.

மனிதர் ஊருக்கே திரும்பிவிடுவார் என்று மாரப்பன் பயந்துகொண்டிருந்தபோது, இரண்டு மாதத்துக்கு முன்பு, பார்க்கின் கன்னத்தில் சதை வைக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியிலிருந்து ஒரு வாசமும் இறங்கி வர ஆரம்பித்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மூக்கையா எதிர்த் தெருவுக்குப் போய் மாரப்பன் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, மாடியில நாத்தம் தாங்க முடியல."

"நாத்தமுங்களா? அது கொரியா நாட்டுச் சமையலுங்க. நமக்குத்தான் புடிபடோணும்."

"என் சட்டியப் போட்டு உடைச்சியளே, அன்னைக்கு ஏன் புடிபடல?"

"அதையும் இதையும் ஒண்ணாப் பேசாதீங்க. அவருக்குச் சாமானெல்லாம் ஏரோப்ளேன்ல வருதுங்க."

"பாத்தியளா?"

"பாக்கோணுமாக்கும். வாசத்துலயே தெரியுதல்லங்க."

"எனக்கொரு நியாயம், அவருக்கொரு நியாயம் கூடாது. இப்பமே வாங்க. உங்க மூக்கால மோந்து பாருங்க. நாத்தம்னா அவரக் காலி பண்ணச் சொல்லுங்க. வாசம்னா எம் மொகத்துக்கு நேரா வாசம்னு சொல்லுங்க."

மாரப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு மனசே இல்லீங்களா? நீங்களும் பொழைக்க வந்தவருதானுங்க. சோறில்லாமக் கெடந்த மனுசன் இப்பத்தான் ரெண்டு வாய் திங்கறாரு, அது பொறுக்கலீங்களா?"

"என் மனசு கெடக்கட்டும். படியேறுங்க."

மாடியில் பார்க் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மாரப்பனைக் கண்டதும் எழுந்து இடுப்பை வளைத்து வணங்கினார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். தட்டில் சோறு போட்டு, சிவக்கச் சிவக்கக் குழம்பை ஊற்றினார்.

மாரப்பன் மூக்கையாவை முறைத்துக்கொண்டே ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய்க்கு முறைக்க மறந்துபோனார். மூன்றாவது வாய்க்கு நெற்றியில் வேர்த்தது.

"கொரியாக் கடல் மீனு தனி ருசிதானுங்க. நம்மூருப் புளியாட்டவே ஒரு புளிப்பு வேற. என்னமாக் கண்டுபிடிச்சிருக்கறாங்க பாருங்க."

"நாத்தமா, வாசமா? அதச் சொல்லுங்க."

"வாசமுங்க. இதப் போயி நாத்தம்ங்கறவன் மனுசனே இல்லீங்க. போதுமுங்களா?"

"போதும்" என்றார் மூக்கையா. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏ ராமாயி, அண்ணாச்சிக்கு இன்னும் ரெண்டு கருவாடு கொண்டா" என்றார்.

மூக்கையாவின் பெண்சாதி ராமாயி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பல்லடம் சந்தையில வாங்கினது அண்ணாச்சி. பிஸ்கட்டத் தின்னுட்டுக் கெடக்காரேன்னு நாங்கதான் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனோம். கருவாட்டுக் கடையக் கண்டதும் இவரு ஒரு நெத்திலிய எடுத்துப் பச்சையாவே கடிச்சிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, கடைக்காரியே பயந்துட்டா. கீழ ஆக்கக்கூடாதுன்னுட்டிய. அதான் வாராவாரம் இங்க வந்து ஆக்கிக் குடுக்கேன்."

"அக்கா, நல்லா இருக்கு" என்றார் பார்க், தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் சேர்த்து.

மாரப்பனின் கை தட்டிலேயே நின்றது. பார்க்கைப் பார்த்தார். ராமாயியைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். அதிலிருந்து எழுந்த ஆவி நேராக அவர் மூக்குக்குத்தான் போனது. மெதுவாகத் தட்டை முன்னால் நகர்த்தினார்.

"ஊத்துங்க அம்மிணி."

எதற்கென்று தெரியாமலே பார்க் முதலில் சிரித்தார். ராமாயி சிரித்தாள். கடைசியில் மாரப்பனுக்கும் அடக்க முடியவில்லை; புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்.

மூக்கையா மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் செம்பை மாரப்பன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"வயிறாரச் சாப்பிடுங்க அண்ணாச்சி. என் சட்டிதான் இன்னும் வரல."