யாருடைய தும்மல்

அவள் தும்மினாள்.

கனத்த, அடிவயிற்றிலிருந்து எழும்பிய ஆண் தும்மல்.

குளியலறையிலிருந்து அவள் கணவன் குகதாசன் பாதி மழித்த முகத்தோடு வெளியே வந்தான்.

“ஆர் வந்தது?”

ஒருவரும் வரவில்லை. திறந்த ஜன்னலருகே அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெளியே செஸ்நட் மரம் பூத்திருந்தது. வெளிர்மஞ்சள் பூஞ்சரங்கள் பூனைவால்களாய்த் தொங்கின. காற்றில் தூள் மிதந்தது.

சுவிஸுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள். ஒவ்வொரு ஜூனிலும் அந்த மரம் பூக்கும். ஒருநாளும் அவளை அது ஒன்றும் செய்ததில்லை.

அவளுக்குச் சுவாசப்பை மாற்றியபின் வந்த முதல் ஜூன் இது.

டாக்டர் அவள் முன்கையில் ஊசியால் கீறிப் பார்த்தார். செஸ்நட் மகரந்தம் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது.

கொடுத்தவருக்கு இருந்த அலர்ஜி, அபூர்வமாக உறுப்போடு கூடவே வந்துவிடும் என்றார்.

கொடுத்தவர் யார் என்று அவள் கேட்டாள்.

அதைச் சொல்ல முடியாது என்றார்.

மாத்திரை. முகக்கவசம். ஜன்னல்கள் எந்நேரமும் மூடியிருக்க வேண்டும்.

மூடிய வீட்டில் அவள் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். உள்ளே போகும்போது அது அவளுடையதாகத்தான் இருந்தது. வெளியே வருமுன் ஒரு கணம் தயங்கியது.

மரத்தை வெட்ட முடியாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். குகதாசன் வேறு வீடு தேடத் தொடங்கினான்.

ஞாயிறு காலை எழுந்தபோது பக்கத்தில் அவள் இல்லை.

மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். முகக்கவசம் கையில் கிடந்தது. தலைமயிரெல்லாம் மஞ்சள் தூள். வீங்கிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

செருப்பும் போடாமல் ஓடினான்.

“உமக்கென்ன விசரா? உள்ள வாரும்.”

“நானா வரேல்லையப்பா.”

நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

“இதுக்கு இஞ்ச கொஞ்சம் நிக்க வேணுமாம்.”

கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. அவ்வளவு பலம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

தும்மல் வந்தது. கிளையிலிருந்த பறவைகள் எழும்பிப் பறந்தன.

“நூறு.”

யோசிக்குமுன் அவன் வாய் சொல்லிவிட்டது. யார் தும்மினாலும் ஆயுள் நூறு என்று வாழ்த்தி வளர்ந்த வாய்.

பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று நினைத்தான். பிடித்திருந்த கையை விட்டான்.

இரண்டாவது தும்மல் வந்தது.



அவள் தன் நெஞ்சை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“இருநூறு,” என்றாள்.