கோணல் தையல்

ரசீதுக் கட்டைப் பிரிக்கப் போன வக்கீலின் கை அப்படியே நின்றுவிட்டது.

இடது ஓரத்தில் கறுப்பு நூல். இரட்டை முடிச்சு. மிச்ச நூலை வெட்டாமல் காகிதங்களுக்கு நடுவே செருகியிருந்தது. இந்த உலகத்தில் இப்படிக் கட்டுகிற ஆள் தான் ஒருவன்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தனக்குச் சொல்லிக்கொடுத்தவரைத் தவிர.

இந்த வக்கீல் வரி வழக்கு மட்டும் பார்க்கிறவர். குண்டூசி துருப்பிடிக்கும், பசை பூச்சியைக் கூப்பிடும் என்பார். கட்சிக்காரர்கள் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிற ரசீதுகளை ஊசிநூலால் தைத்து முடித்த பிறகுதான் வழக்குப் பேச்சையே எடுப்பார். சட்டம் படித்தாரா, தையல் படித்தாரா என்று கோர்ட்டில் கேலி செய்வார்கள், ஊசி வக்கீல் என்று பட்டப்பெயரும் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும்.

வந்தவரைத் திருப்பி அனுப்பியதில்லை. பயந்து நடுங்கி வருகிறவர்களுக்கு முதலில் தன் கதையைச் சொல்வார். அவருடைய அப்பா பொத்தான் கடை வைத்திருந்தார். வரி பாக்கி கழுத்தை நெரித்தது. ஒருநாள் காலையில் கடை திறக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை. இவருக்கு அப்போது ஒன்பது வயது. எல்லாம் அம்மா சொன்னதுதான். இன்னொரு வீட்டில் ஒரு பிள்ளை அப்படி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, அதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று முடிப்பார். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கும் சற்றுமுன் அதைத்தான் சொல்லி முடித்திருந்தார்.

அறுபது வயதிருக்கும். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. கணவர் போன மாதம் தவறிவிட்டார். அவர் ஒழுங்காகக் கட்டிய வரியைக் கட்டவே இல்லை என்று ஆபீஸில் சாதிக்கிறார்கள். இன்று சாயங்காலம் கவுண்டர் மூடுவதற்குள் வக்கீல் மூலமாக மனு போகாவிட்டால் நாளைக் காலையில் கடைக்குச் சீல். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. பிள்ளை குட்டியும் இல்லை. கணவருக்கும் உற்றார் உறவென்று யாருமே இல்லை, கல்யாணத்துக்கு முன்னாலேயே அதைச் சொல்லித்தான் கட்டிக்கொண்டாராம்.

கணவரின் பெயரைக் கேட்டபோது வக்கீலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

இப்போது அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார்; அப்பாவின் பெயரும் அதுதான்.

இருக்காது, நூலில் முடிச்சுப் போட ஊரில் வேறு ஆளா இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு பைக்குள் கையை விட்டார். அடியில் துணி சுற்றிய பழைய கட்டு ஒன்று தட்டுப்பட்டது.

"அது அவர் தைச்சது இல்ல தம்பி. யார் தைச்சதுன்னு கடைசிவரைக்கும் சொல்லல. நான் பிரிச்சுப் பார்க்கவும் விட்டதில்ல."

தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. பாதியில் நூல் மேல் கறுத்துப்போன ஒரு சின்னக் கறை. சின்ன வயதில் ஊசி குத்திய இவர் விரலை அப்பா தன் வாயில் வைத்துச் சப்பிவிட்டு, அழாதடா, வக்கீல் மாதிரி தைச்சிருக்க என்று சிரித்தது அவருக்கு நேற்றுப்போல இருந்தது.

பொத்தான் கடையின் வரி ரசீதுகள். புரட்டினார். ஒரு மாதம் கூட விடாமல் கட்டியிருந்தது. கடைசி ரசீது, அப்பா போன அதே வாரத்தது.

பாக்கியே இல்லை. ஒருவரும் அவரைத் துரத்தவில்லை. தானாகத்தான் போயிருக்கிறார்.

இத்தனை வருஷமாக யாரோடு மல்லுக்கட்டினோம்? அம்மா தெரியாமல் சொன்னாளா, தெரிந்தேதான் சொன்னாளா?

வேறு வக்கீலைப் பாருங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இனிமேல் யாரைப் போய்ப் பார்ப்பது? அந்த அம்மாள் பையின் காதைப் பிசைந்துகொண்டு, கடை தப்பித்துவிடுமா என்று மெதுவாகக் கேட்டார்.

தப்பித்துவிடும் என்றார்.

மனுவோடு வைக்கும் அதிகாரப் பத்திரத்தை எடுத்தார். முதல் வரியில் இறந்தவரின் பெயர். அதற்குக் கீழே மனைவியின் பெயர். அப்புறம் வக்கீலின் பெயர். அதற்கும் அடுத்தது வக்கீலின் தகப்பனார் பெயர். எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு எழுதிய வரி அது. காலியாக விட்டால் கவுண்டரில் வாங்கமாட்டார்கள். பொய்யாக எழுதினால் மனு நிற்காது, கடை போய்விடும்.

எழுதினார். காகிதத்தை அந்தப் பக்கம் திருப்பி நகர்த்தினார்.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது அவர் கட்சிக்காரர்களுக்கெல்லாம் சொல்லும் பாடம். இந்த அம்மாளுக்கும், உள்ளே நுழைந்தவுடனேயே, சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

நாலாவது வரியில் விரல் நின்றது. மேலே முதல் வரிக்குப் போனது. திரும்பவும் கீழே வந்தது. அப்புறம் அவர் மேஜை மேல் கிடந்த கோணல் தையலைப் பார்த்தார். வக்கீலின் விரல்களைப் பார்த்தார்.

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தார்.

பேனா கீறும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி நீட்டியபோதுதான் அந்த அம்மாளுக்கு வாய் திறந்தது.

"உங்கம்மா இன்னும் இருக்காங்களா தம்பி?"