மைனர் மீது வழக்கு

"காதைப் பாரு, நெத்தியைப் பாரு. அப்படியே உன் மைனர்தான். அவன் சுவரேறிக் குதிச்சதை நானே பார்த்தேன்டா" என்றாள் அக்கா, மடியில் கிடந்த பிஞ்சைத் தடவியபடி.

பட்டறையில் எந்த பஸ் இன்ஜினையும் மிரட்டி ஓட வைக்கிற மெக்கானிக் தம்பி, அக்காவின் முன்னால் மட்டும் பஞ்சரான சைக்கிள். அவன் காலடியில் மைனர், அதாவது அவன் உயிராய் வளர்க்கும் வெள்ளாட்டுக் கிடா, சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அக்காவின் செம்மறி ஈன்ற குட்டிக்கு மைனர்தான் அப்பன் என்பது வழக்கு. நிரூபணமானால் இன்றைக்கே காயடித்துவிட வேண்டும் என்பது தீர்ப்பு. அதற்கான இடுக்கியோடு கால்நடை டாக்டரம்மா வந்திருந்தார். ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம். குட்டியின் ரத்தத்தை முன்பே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்.

"செம்மறிக்குக் குரோமோசோம் ஐம்பத்துநாலு, வெள்ளாட்டுக்கு அறுபது. ரெண்டும் கலந்தா குட்டி பிழைக்கிறதே அபூர்வம். பிழைச்சா நடுவுல ஐம்பத்தேழு வரும்."

"வரட்டும்" என்றாள் அக்கா. "வாசப்படி தாண்டாத பொண்ணு டாக்டரம்மா என் செம்மறி. போன மழையில கால் புண்ணுக்கு உங்க கொட்டில்ல ஒரு வாரம் வச்சிருந்தீங்களே, எவ்வளவு அடக்கம்னு நீங்களே சொன்னீங்க."

டாக்டரம்மாவின் போன் அடித்தது. தம்பி மைனரின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான்.

போனை வைத்த டாக்டரம்மா சிரித்தார். "சுத்தமா ஐம்பத்துநாலு. அப்பனும் செம்மறிதான்."

தம்பி மைனரின் முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினான். ஆடிய வேகத்தில் துணிச்சலும் வந்துவிட, மைனரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் ஆயிற்று என்று அக்காவிடம் அடம்பிடித்தான்.

அக்கா அவனைச் சட்டை செய்யவில்லை. தெருவில் வேறு செம்மறியே கிடையாதே என்று முணுமுணுத்தபடி, விரல் மடக்கி மாதங்களைப் பின்னோக்கி எண்ணினாள். ஐந்தாவது விரலில், அந்த மழை மாதத்தில், நின்றாள். டாக்டரம்மா வீட்டில் செம்மறிக்கிடா ஏதாவது உண்டா என்று மெல்லக் கேட்டாள்.

டாக்டரம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அவசரமாக வேறு வேலை இருக்கிறது என்று எழுந்தார்.

அக்கா வழிமறித்து, குட்டியை அவர் கையில் வைத்தாள்.

"பேரனைக் கொஞ்சிட்டுப் போங்க, சம்பந்தியம்மா."