கேட்கக் கூடாத கேள்வி

“இனிமே ‘வலிக்குதா’ன்னு குழந்தைகிட்ட கேக்கவே கூடாது. கேக்கக் கேக்க வலிதான் ஞாபகத்துக்கு வரும்” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு வருஷமாக வயிற்றுவலி. ஸ்கேன் வரை எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று, காரணம்தான் அகப்படவில்லை.

அப்பா பஸ் கண்டக்டர். நாள் முழுக்க “டிக்கெட், டிக்கெட்” என்று கேட்டே பழகின வாய், வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு கூடத்தில் உலாத்தினார்.

மகளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையணையில் முகம் புதைத்துச் சுருண்டு கிடந்தாள். தோள் குலுங்கியது. அவருக்குத் தாங்கவில்லை. துண்டை உருவி எறிந்தார்.

“ரொம்ப வலிக்குதாடா கண்ணு?”

சமையலறையிலிருந்து அம்மா கைதட்டினாள். “கேட்டாச்சு! நான்தான் ஜெயிச்சேன்!”

மகள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் அடக்க முடியாத சிரிப்பு.

“போப்பா! சாப்பிடுற வரைக்கும் நீ கேக்க மாட்டேன்னு பந்தயம் கட்டினேன். இப்ப நான்தான் பாத்திரம் கழுவணும்!”

“அப்போ... வலி?”

“சாயங்காலம் இருந்துச்சு. உன் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சதுல எப்ப போச்சுன்னே தெரியல.”

அப்பா துள்ளிக் குதித்துச் சமையலறைக்கு ஓடினார். “பாத்திரம் எல்லாம் நானே கழுவுறேன்!”

“கழுவு. ஆனா துண்டைக் கடிச்சுக்கிட்டே கழுவுப்பா!”