பதில் சொல்லாத முகவரி

"நிறுத்த முடியாதும்மா. திரையில எல்லாமே பச்சையா இருக்கு," என்றார் எலியேசர் போனில்.

"அந்தப் பச்சைதான் பொய், தோன் எலியேசர்," என்றாள் யோலிமா. பெரியவர்களை அந்த ஊரில் 'தோன்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மடியில் இருந்த லேப்டாப்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவே இருந்தது.

சான் ஹசிந்தோ மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குப் போகும் கேபிள் கார் தடத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு எலியேசர்தான் பொறுப்பு. இருபது வருடம் அதை ஓட்டிய பழைய கணினி போன மாதம் செத்துப்போயிற்று. அதிலிருந்த புரோகிராமைத் திருத்தி எழுத ஆளில்லை. யோலிமாதான் ஒரு புதுக் கணினிக்குள், பழையதைப் போலவே நடிக்கும் போலிக் கணினி ஒன்றை அமைத்து, அதே புரோகிராமை அதற்குள் ஓட வைத்தாள். மேயர் வந்து பூங்கொத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவள் அதன் பதிவுகளைத் திறந்து பார்த்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் எலியேசர்.

"புரோகிராம் நிமிஷத்துக்கு அறுபது தடவை அவசர பிரேக்கைக் கூப்பிட்டு, 'கோளாறு இருக்கா'ன்னு கேக்குது. அதுக்கு மெமரியில ஒரு முகவரி. அந்த முகவரியில இப்ப யாருமே இல்ல. பிரேக்கை இயக்குற சர்க்யூட் கார்டு செத்துக் கிடக்கு. பழைய கணினின்னா உடனே தப்புன்னு சொல்லி, தடத்தை மெதுவா நிறுத்தியிருக்கும். நான் செஞ்சது தப்பை முழுங்கிட்டு, பூஜ்யம்னு பதில் கொடுக்குது. பூஜ்யம்னா கோளாறு இல்லன்னு அர்த்தம்."

"எவ்வளவு நேரமா?"

"காலையிலேருந்து. பதினெட்டாயிரம் தடவை."

மறுமுனையில் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. யோலிமா தொடர்ந்தாள்.

"இன்னைக்கு ரெண்டு தடவை கரண்ட் விட்டு விட்டு வந்துச்சு. ஓடிட்டிருக்கும்போது முழுசாப் போச்சுன்னா, மொத்தக் கயிறும் பின்னால உருவிக்கிட்டு ஓடும். பிடிக்க ஒண்ணும் கிடையாது. கரண்ட் இருக்கும்போதே மெதுவா நின்னா, பூட்டு விழுந்து கவ்விக்கும்."

"சரி, ஆள் ஏத்துறதை நிறுத்திடறேன். இருபது நிமிஷம் கொடு. இருக்கிறவங்க இறங்கிடட்டும்."

"புயல் மேகம் முகட்டுக்கு வந்தாச்சு."

"சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம்மா. முந்நூறு பேர் உள்ள இருக்காங்க. நடுவுல நின்னா ஒவ்வொருத்தரா கயிறு கட்டித்தான் இறக்கணும். இந்தக் காத்துல ராத்திரி ஆயிடும். உனக்கென்ன இன்ஜினியரம்மா, பட்டனைத் தட்டிட்டுக் கறுப்புக் காபி குடிக்கப் போயிருவ. அந்தரத்துல தொங்குறவங்களை நினைச்சுப் பாரு."

அவள் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இருபது வேண்டாம், நாலு நிமிடம் போதும் என்று உள்ளே ஏதோ கெஞ்சியது. நாலு நிமிடம் தாமதித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? யாருக்குமே தெரியாது.

மின்னல் வெட்டியது.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. தப்பை மறை என்று அவளே எழுதியிருந்ததை, தப்பைத் தெரிவி என்று மாற்றினாள். என்டர் பட்டன் மேல் விரல் உறைந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"ஐயோ," என்றார் எலியேசர். "எல்லாம் சிவப்பாயிருச்சு. வேகம் குறையுது... நின்னுடுச்சு. பூட்டும் விழுந்துடுச்சு. என்ன காரியம் பண்ணிட்ட நீ? முந்நூறு பேரும்மா..."

அவர் முடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த மின்விசிறிச் சத்தம் சட்டென்று அடங்கியது.

"கரண்ட் போயிருச்சு," என்றார் மெல்ல. அவர் ஜன்னலுக்கு ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. "கயிறு அசையலம்மா. ஒரு அங்குலம்கூட அசையல."

யோலிமாவுக்கு அழுகை வந்தது.

"அழாதம்மா. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். ஆபீஸைப் பூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வா. இவங்களை எப்படி இறக்கறதுன்னு பாக்கலாம்."

"என்னால வர முடியாது, தோன் எலியேசர்," என்றாள் யோலிமா. "முப்பத்தொண்ணாம் நம்பர் பெட்டியில தொங்கிட்டிருக்கேன். நான் இறங்க நாலு நிமிஷம்தான் பாக்கி இருந்துச்சு."