நேற்று எத்தனை பேர்?

"ஒரு பூஜ்யம்கூட இல்லையே, எப்படிங்க?"

மேடம் படிவக் கட்டை மேசைமேல் பொத்தென்று போட்டார். எதிரே கணக்கெடுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் வேறு ஈ காக்கை கிடையாது.

தனியாக வசிப்பவர்களைப் பற்றிய சர்வே அது. பட்டியலில் ஐந்துக்கு ஒரு வீடு எடுப்பார்கள், அப்படி முப்பது வீடு சேர்ந்தால் ஒரு தொகுதி. முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நேற்று எத்தனை பேரிடம் பேசினீர்கள்?

"மத்தவங்க தொகுதியைப் பாருங்க. ஒண்ணுல சராசரி ஒண்ணே முக்கால், இன்னொண்ணுல நாலரை. முப்பது பேரை எடுத்தா ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும். அந்த ஆட்டம் இருந்தாத்தான் நிஜம். உங்களோடது எட்டுத் தொகுதியும் மூணு, மூணேகால், மூணு. வச்ச இடத்துல அப்படியே உக்காந்திருக்கு."

"கேட்டதைத்தான் எழுதினேன் மேடம்."

"இருநூத்தி நாப்பது வீடு. எல்லாரும் தனிக்கட்டை. ஒருத்தர்கூட முந்தின நாள் யார்கிட்டயும் பேசாம இருந்ததில்லையா? எங்கயாவது மரத்தடியில உக்காந்து நீங்களே எழுதிட்டீங்க. நாளைக்கு நானே போய்ப் பாப்பேன். ஒரு வீடு பொய்யா இருந்தாலும் உங்க வேலை இருக்காது."

அவர் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு ஆளிடம் அப்படிக் காரசாரமாகப் பேசி முடித்ததும் மேடத்துக்கு என்னவோ போல இருந்தது. மாற்றலாகி வந்து ஏழு மாதம். வாடகை அறை, ஒரு நாற்காலி, ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பயமாக இருக்கும். அதனால்தான் ஆபீஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால் தனிமையே இல்லையே.

திங்கட்கிழமை குலுக்கிப் போட்டு மூன்று வீடு எடுத்தார். முதல் இரண்டும் பூட்டு. மூன்றாவது வீடு நாலாவது மாடியில். ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர் கதவைத் திறந்தார்.

"சர்வேக்கு எங்க ஆள் வந்தாரா சார்?"

"ஒரு நாள் இல்லம்மா, ரெண்டு நாள் வந்தாரு."

"ரெண்டு நாளா?"

"முதல் நாள் சீட்டு கொடுக்க வந்தாரு. நாளைக்கு வருவோம்னு அச்சடிச்ச சீட்டு."

அது விதிதான். சீட்டைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போய்விட வேண்டும்.

"அதைக் கையில கொடுத்தாரு. உக்காருங்கன்னேன், உக்காந்துட்டாரு. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்டுல நின்னவன் நான். ஏறுறவங்க எல்லாம் ஒரு வார்த்தை பேசுவாங்க. இப்ப லிஃப்ட் தானா வருது, தானா போகுது. அதைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். எழுந்து போய் அவர் கதவைத் தட்டிக் கூட்டிட்டு வந்துட்டாரு. பக்கத்து வீட்டம்மாவும் என்ன சத்தம்னு வந்தாங்க. ஒரு மணி நேரம் போனதே தெரியல."

மேடம் திறந்த பேனாவோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறுநாள் கேள்வி கேட்டாரு. நேத்து மூணு பேர்னு சொன்னேன். தப்பாம்மா?"

"இல்ல சார். அவர் முதல் நாள் வராம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

லிஃப்ட்காரர் சிரித்தார். "வேற யாரும்மா இருக்கா பேச? பூஜ்யம்."

அன்று சாயங்காலம் மேடம் கணக்கெடுப்பாளருக்குப் போன் செய்தார். அறையில் டியூப்லைட் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"உங்க படிவம் எதுவும் பொய்யில்ல. ஆனா எதுவும் செல்லாது. நீங்க போனதால மாறிப்போனதை நீங்களே எண்ணிட்டு வந்திருக்கீங்க."

"புரியுது மேடம். வேலைக்கு வர வேண்டாமா?"

"யார் சொன்னது? இருநூத்தி நாப்பது வீட்டுக்கும் மறுபடி போகணும். வேற பகுதியில புதுசா முப்பது முப்பதா குலுக்கித் தரேன், அங்கயும் போகணும். இந்தத் தடவை முதல் நாளே, வாசல்ல நின்னு, முதல்ல கேள்வி. பேச்சு அப்புறம். எவ்வளவு நேரம் பேசினாலும் நான் கேக்க மாட்டேன்."

 அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப உங்ககிட்டயே கேட்டுப் பழகிக்கறேன் மேடம். நேத்து நீங்க எத்தனை பேர்கிட்ட பேசினீங்க?"

மேடம் பேச்சை மாற்றத்தான் பார்த்தார். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"ஒருத்தர்."

"யாரு மேடம்?"

"நீங்கதான். திட்டினேனே."

மேடம் அவசரமாகப் பேச்சை முடிக்கப் பார்த்தார். "சரி, உங்களுக்கு வேலை இருக்கும். வச்சிடறேன்."

"எனக்கென்ன வேலை மேடம். பஸ் ஸ்டாப்புல சும்மா நிக்கிறேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சொல்லுங்க, இன்னைக்கு யாரைப் பாத்தீங்க?"

அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. "அப்பா, தட்டு போட்டாச்சு. அம்மா எவ்வளவு நேரமா கூப்பிடறாங்க."

இருநூற்று நாற்பது வீட்டில் தேடியும் கிடைக்காத பொய், கடைசியில் கையும் களவுமாகச் சிக்கியது.

மேடம் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லிஃப்ட்காரர் கதையை ஆரம்பித்தார்.